டிஃப் லாக் வேணுமா, டிஃப் லாக்?

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை. பி.காம். முடிச்சுட்டு இருபது வருஷத்துக்கு மேல பேங்க்ல குப்பை கொட்டுறவன். என்கிட்ட இருக்கிறது ஜிம்னி. அதுல லாக்கர் கிடையாது. "எட்டாத பழம் புளிக்குதாக்கும்"னு ஆரம்பிக்கிறவங்க தாராளமா ஆரம்பிக்கலாம் :-)

நவம்பர் பிறந்தாப் போதும், சண்டிகர், மொஹாலி, பஞ்ச்குலா பக்கம் இருக்கிற நம்ம ஆட்களுக்கு மலை ஜுரம் வந்துடும். செக்டார் 31 முருகன் கோவில்ல பிரசாதம் வாங்கிட்டு நிக்கும்போதே பேச்சு மணாலிக்குப் போயிடும். முன்னாடியெல்லாம் எந்த ஓட்டல், எத்தனை ஸ்வெட்டர்னு பேசுவாங்க. இப்ப எல்லாரும் வண்டி பேசுறாங்க. தார், ராக்ஸ், கூர்க்கா. அதுலயும் ஒரு வார்த்தை மந்திரம் மாதிரி ஓடுது: டிஃப் லாக். போன மாசம் ஒரு தம்பி சொல்றார், "சார், டிஃப் லாக் இல்லாத ஃபோர் பை ஃபோர் எல்லாம் சும்மா ஷோ சார்." ஒண்ணாங்கிளாஸ் படிக்கிற பொண்ணு, ஊர்லேர்ந்து வந்திருக்கிற அப்பா அம்மா, வீட்டுக்காரம்மா, எல்லாரையும் ஏத்திக்கிட்டு ஜனவரியில சிஸ்ஸு போகத்தான் அவருக்கு அந்த லாக் வேணுமாம்.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். வருஷத்துக்கு ரெண்டு தடவை மலை ஏறுற குடும்ப வண்டிக்கு லாக்கிங் டிஃபரென்ஷியல் தண்டச் செலவு. அதுக்காகக் கடன் வாங்குறது அதைவிடத் தண்டம். பனிக்காலத்துல அதை நம்பி மேல போறது தண்டம்கூட இல்லை, ஆபத்து.

சும்மா அடிச்சு விடலை. முதல்ல அந்தச் சாமான் என்ன வேலை பண்ணுதுன்னு பார்த்துடுவோம். (தெரிஞ்சவங்க நாலு பாரா தாண்டிப் போங்க.)

வண்டி வளையும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடணும், உள்பக்கச் சக்கரம் கம்மியா. ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல ஒன்றரை மீட்டர்னு வச்சுப்போம். ஒரு முழு வட்டம் சுத்தினா வெளிச் சக்கரம் சுமார் 9.4 மீட்டர் கூடுதலா ஓடியிருக்கும். ரெண்டையும் ஒரே இரும்புத் தடியில மாட்டிட்டா டயர் தேயும், ஸ்டியரிங் முரண்டு பிடிக்கும். அதனாலதான் நடுவுல டிஃபரென்ஷியல்னு ஒரு பல்சக்கரக் கூட்டம். ரெண்டு பக்கமும் வேற வேற வேகத்துல சுத்த விடும்.

இதுல ஒரு வினை இருக்கு. சாதா டிஃபரென்ஷியல் ரெண்டு பக்கத்துக்கும் எப்பவும் ஒரே அளவு விசையைத்தான் குடுக்கும். "வழுக்குற சக்கரத்துக்கே எல்லா பவரும் போயிடும்"னு நிறைய பேர் எழுதுறாங்க, சரியில்லை. ஒரு சக்கரம் அந்தரத்துல தொங்குதுன்னா அதைச் சுத்துறதுக்கு விசையே வேண்டியதில்லை. அந்த ஒண்ணுமில்லாத அளவுதான் தரையில இருக்கிற இன்னொரு சக்கரத்துக்கும் கிடைக்கும். அது அப்படியே கல்லுப் பிள்ளையார் மாதிரி நிக்கும். ஃபோர் வீல் டிரைவ்ல போட்டாலும், முன்னாடி ஒண்ணு, குறுக்கா பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு சக்கரம் தூக்கிடுச்சுன்னா கதை முடிஞ்சுது.

லாக்கர் இந்த டிஃபரென்ஷியலைப் பூட்டிடும். ரெண்டு சக்கரமும் ஒரே தடியில மாட்டின மாதிரி சேர்ந்து சுத்தும். தொங்குறது தொங்கட்டும், தரையில இருக்கிறது வண்டியைத் தள்ளிடும். கூர்க்காவுல முன்னாடியும் பின்னாடியும் ரெண்டு ஆக்ஸிலுக்கும் இது உண்டு, லீவரை இழுத்து நீங்களே போடணும். 2020-ல வந்த தார்ல சில வேரியன்ட்டுக்குப் பின் ஆக்ஸில்ல ஈட்டன் கம்பெனியோட தானியங்கி லாக்கர். 2024-ல வந்த ராக்ஸ்ல எலெக்ட்ரானிக் லாக். 2023-ல வந்த ஜிம்னியில லாக்கே கிடையாது. வழுக்குற சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிச்சு நிறுத்துற ஏற்பாடு. பிரேக் பிடிச்சதும் அந்தச் சக்கரத்தைச் சுத்த விசை தேவைப்படுது இல்லையா, அதே அளவு விசை எதிர்ச் சக்கரத்துக்கும் போயிடும். கெட்டிக்காரத்தனமான வேலை.

இந்த பிரேக் ஏற்பாட்டை ஏளனம் பண்றவங்க நிறைய. அதுல குறை இல்லாம இல்லை. சக்கரம் கொஞ்சம் வழுக்கின பிறகுதான் முழிச்சுக்கும். இன்ஜின் விசையில ஒரு பங்கு பிரேக்கைச் சூடாக்குறதுலயே போகும். ரொம்ப நேரம் இழுத்தா பிரேக் காயும். ஆனா பாதிப் பேர் அது வேலை செய்யலைன்னு சொல்றதுக்குக் காரணம் வேற. "டர்ர்ர்"னு சத்தம் வந்ததும் பயந்து ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்துடறாங்க. எடுத்தா அது விட்டுடும். சத்தத்தைக் கண்டுக்காம, காலை நிதானமா வச்சு ரெண்டு மூணு செகண்டு பொறுத்தா வண்டி ஏறிடும்.

சரி, லாக்கர் எங்கே ராஜா? ஆழமான உழவுத் தடம் மாதிரி சேறு. ஒரு பக்கம் பள்ளம் ஒரு பக்கம் மேடுன்னு சக்கரம் தொங்குற பாறைப் பாதை. கோவாவுல 2014-லேர்ந்து நடக்குற ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் மாதிரி போட்டி. அங்கெல்லாம் லாக்கர் இல்லாம போனா வேடிக்கைதான் பார்க்கணும், மறுக்கலை. இன்னும் சொல்லப்போனா லாக்கரோட உண்மையான சொந்தக்காரர் நம்ம ஊர் டிராக்டர் டிரைவர். நடவு வயல்ல கேஜ் வீல் மாட்டி உழும்போது ஒரு பக்கச் சக்கரம் சேத்துல சுத்த ஆரம்பிச்சா, குதிகாலால ஒரு பெடலை அமுக்குவார். அதுதான் டிஃப் லாக். வண்டி நேரா வெளியே வந்ததும், வரப்புக்கிட்ட திருப்புறதுக்கு முன்னாடி காலை எடுத்துடுவார். நேராப் போறப்ப போடு, திருப்புறதுக்கு முன்ன எடு. டிராக்டர் கடனுக்காக வயல் பார்க்கப் போன நாட்கள்ல நான் வரப்புல நின்னு பார்த்துக் கத்துக்கிட்ட பாடம் இது. அவருக்கு அது ஒரு நாளைக்கு ஐம்பது தடவை வேணும். உங்களுக்கும் எனக்கும்?

இப்ப ஹிமாச்சலுக்கு வருவோம். நம்ம குடும்பங்கள் போற இடம் எது? மணாலி, சோலாங், அடல் சுரங்கம் தாண்டி சிஸ்ஸு, கேலாங். கோடையில கொஞ்சம் தைரியசாலிகள் கிராம்ஃபூ வழியா பாத்தல், குன்ஸும் கணவாய், காஸா. இதுல சுரங்கம் வரைக்கும் தார் ரோடு. அடல் சுரங்கம் 2020 அக்டோபர்ல திறந்ததுக்கப்புறம் ரோதாங் ஏறாமலே லாஹௌல் போயிடலாம், 9 கிலோமீட்டர் சுரங்கம். கோடையில அங்கே மாருதி ஆல்டோவும் போகும், ஸ்கூட்டரும் போகும்.

கஷ்டமான துண்டுன்னா கிராம்ஃபூவுலேர்ந்து பாத்தல் வரைக்கும்தான். ரோடுன்னு பேரு, ஆத்துப் படுகை மாதிரி உருண்டைக் கல்லு. குறுக்கால பனி உருகி வர்ற ஓடைகள், இங்கே நாலான்னு சொல்லுவாங்க. நான் அந்த வழியில பல தடவை போயிருக்கேன். மாட்டிக்கிட்டு நிக்கிற வண்டிகளை இறங்கி வேடிக்கை பார்க்கிறது எனக்கு ஒரு கெட்ட பழக்கம் :-). பெரும்பாலும் சக்கரம் வழுக்கி மாட்டுறது இல்லை. வயிறு தட்டி மாட்டும். ரெண்டு கல்லுக்கு நடுவுல முன் டயர் விழுந்து, ஆக்ஸில் நடுவுல இருக்கிற உருண்டை பாறையில உக்காந்திருக்கும். இல்லைன்னா டயர் பக்கச் சுவர் கிழிஞ்சிருக்கும். இல்லைன்னா சாயங்காலம் நாலு மணிக்கு நாலாவுல இறங்கியிருப்பாங்க. காலையில முழங்கால் அளவு ஓடின தண்ணி, வெயில்ல பனி உருகி சாயங்காலம் இடுப்பளவு வரும். இந்த மூணுல எதுக்கு லாக்கர் உதவும்? ஒண்ணுக்கும் இல்லை. தரை உயரம், ஃபோர் லோ கியர், முன்னாடி இறங்கிக் கல்லை எடுத்துப் போடுற பொறுமை, காலையில எட்டு மணிக்குள்ள தாண்டிடற புத்தி. இவ்வளவுதான் மருந்து.

அடுத்தது பனி. இதுக்குத்தான் இவ்வளவு நீட்டி முழக்கினேன், கொஞ்சம் கவனமா படிங்க.

டயருக்கு இருக்கிற பிடிமானம் ஒரு குறிப்பிட்ட அளவுதான். முன்னாடி தள்ளவும் அதுலேர்ந்துதான், பக்கவாட்டுல சறுக்காம நிக்கவும் அதுலேர்ந்துதான். சக்கரம் ஒரே இடத்துல சுத்த ஆரம்பிச்சுட்டா பக்கவாட்டுப் பிடி கிட்டத்தட்ட போயே போச்சு. இறுகின பனியில, கண்ணாடி மாதிரி உறைஞ்ச ரோட்டுல, சாதா டிஃபரென்ஷியல் இருந்தா பின்னாடி ஒரு சக்கரம் சுத்தும், இன்னொண்ணு சும்மா நிக்கும். அந்தச் சும்மா நிக்கிற சக்கரம்தான் வண்டியோட வாலை ரோட்டுல பிடிச்சு வச்சிருக்கு. லாக்கரைப் போட்டீங்கன்னா ரெண்டும் சேர்ந்து சுத்தும். பிடிச்சு வைக்க ஆள் இல்லை. மலை ரோடு ஒரு பக்கம் சாய்வாத்தான் இருக்கும். வால் எந்தப் பக்கம் சரியும்? சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். அங்கே என்ன இருக்குன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. முன் ஆக்ஸிலையும் பூட்டினா இன்னும் விசேஷம், ஸ்டியரிங்கைத் திருப்புவீங்க, வண்டி நேராப் போகும்.

அதோட, மலையில ஏறுறதைவிட இறங்குறதுலதான் அதிகம் வழுக்கும். நிறுத்துறதுக்கு லாக்கர் எந்த ஒத்தாசையும் பண்ணாது. பல வண்டிகள்ல லாக் போட்டா ஏ.பி.எஸ்.ஸும் ஈ.எஸ்.பி.யும் அணைஞ்சுடும். அதாவது இறக்கத்துல உங்களைக் காப்பாத்தக்கூடிய ரெண்டு சாமானையும் அணைச்சுட்டு உக்காந்திருப்பீங்க.

2024 டிசம்பர் கடைசி வாரம் ஞாபகம் இருக்கா? சோலாங் பக்கமும் சுரங்கத்துக்கிட்டேயும் ஆயிரம் வண்டி அளவுக்குப் பனியில மாட்டி, போலீஸ் ராத்திரி முழுக்க ஜனங்களை இறக்கிக் கொண்டுவந்தாங்க. அந்த வாரம் சுத்தின வீடியோ எல்லாத்தையும் பார்த்திருப்பீங்க. ஃபோர் பை ஃபோர் வண்டிகளும் பக்கவாட்டுல, அமைதியா, யாரோ கயிறு கட்டி இழுக்குற மாதிரி சறுக்கிப் போகுது. அந்த வண்டிகளுக்கு இல்லாம போனது லாக்கர் இல்லை, டயர்ல சங்கிலி. மணாலி டாக்சிக்காரர்கிட்ட கேட்டுப் பாருங்க. அவர் டிஃப் லாக் பத்திப் பேசமாட்டார். டிக்கியைத் திறந்து சங்கிலியைக் காட்டுவார். லாஹௌல்காரங்க சங்கிலி மாட்டின ஆல்டோவுல காய்கறி வாங்கப் போயிட்டு வர்றாங்க. பனி விழுந்தா போலீஸ் கீழேயே தடுத்து ஃபோர் பை ஃபோர் வண்டியை மட்டும் மேலே விடுவாங்க, சங்கிலி இருக்கான்னு கேட்பாங்க. லாக்கர் இருக்கான்னு எந்தப் போலீஸும் என்னைக் கேட்டதில்லை.

தார்ல இருக்கிற அந்த ஈட்டன் லாக்கர் பத்தி ஒரு வார்த்தை. அதுக்கு பட்டன் கிடையாது. ரெண்டு சக்கரத்துக்கும் வேக வித்தியாசம் நிமிஷத்துக்கு நூறு சுத்து அளவு வந்தா அதுவே "டக்"னு பூட்டிக்கும். வேகம் சுமார் 30 கிலோமீட்டரைத் தாண்டினா பூட்டாது. சேத்துல இது சொர்க்கம், எதையும் யோசிக்க வேண்டாம். உறைஞ்ச கொண்டை ஊசி வளைவுல எப்ப பூட்டணும்ங்கறதை நீங்க முடிவு பண்ணலை, அது முடிவு பண்ணுது. அந்த வண்டி வச்சிருக்கறவங்க இதைத் தெரிஞ்சு வச்சுக்கணும். பனியில காலை லேசா வைங்க, சக்கரத்தைச் சுத்த விடாதீங்க. சுத்தலைன்னா அது முழிக்காது.

இப்ப நம்ம தொழிலுக்கு வர்றேன். கார் லோனுக்கு வர்ற கொட்டேஷன்ல "ஆக்சஸரீஸ்"னு ஒரு வரி இருக்கும். முன்னாடி அது சீட் கவர், மேட், பம்பர். இப்ப வெளியில வாங்கி மாட்டுற லாக்கர், அதுக்குக் காத்தழுத்தக் கம்ப்ரஸர், வின்ச்சுன்னு போகுது. இல்லைன்னா லாக்கர் வருதுங்கறதுக்காகவே மேல் வேரியன்ட். கூடுதல் 1,50,000 ரூபாய்னு வச்சுப்போம். 9.5 சதவீதம் வட்டி, 7 வருஷம். மாசம் சுமார் 2,450 ரூபாய். கடைசியில கட்டி முடிக்கும்போது 2,06,000 ரூபாய்க்குக் கிட்ட. அந்த ஏழு வருஷத்துல நிஜமாவே லாக்கர் இல்லாம வண்டி நகராதுங்கற நிலைமை எத்தனை தடவை வரும்? நாலுன்னு வச்சுப்போம், தாராள மனசோட. ஒரு தடவை பட்டன் அமுக்க 51,500 ரூபாய். அதே இடத்துல பக்கத்து ஊர் டிராக்டர்காரர் ஆயிரமோ ரெண்டாயிரமோ வாங்கிட்டு இழுத்து விட்டு, டீயும் வாங்கிக் குடுப்பார். இந்த மலை ஜனங்க அப்படி.

விக்கும்போது அந்தக் காசு வருமா? வராது. பழைய வண்டி வாங்குறவர் ஓடின கிலோமீட்டர், வருஷம், ஆக்சிடென்ட் இதைத்தான் பார்ப்பார். வெளியில மாட்டின லாக்கர்னா "டிஃபரென்ஷியலைப் பிரிச்சிருக்காங்க"ன்னு விலையைக் குறைப்பார்.

"சார், இன்சூரன்ஸ் மாதிரி நினைச்சுக்கோங்க. வாழ்நாள்ல ஒரு தடவை உதவினாலும் போதும்." இந்த வாதத்தைத்தான் எங்கேயும் கேட்கிறேன். இன்சூரன்ஸ் எடுத்தவன் அதுக்காக வேகமா ஓட்டமாட்டான். லாக்கர் போட்டவன் நிச்சயமா இன்னும் ரெண்டு கிலோமீட்டர் உள்ளே போவான். சாதா வண்டி மாட்டுற இடத்துல கூப்பிட்டா ஆள் வரும். லாக்கர் போட்ட வண்டி மாட்டுற இடத்துல போன் சிக்னலே இருக்காது. 2023 டிசம்பர்ல லாஹௌல்ல சந்திரா ஆத்துக்குள்ள ஒருத்தர் தார் ஓட்டிக்கிட்டுப் போனாரே, டிராஃபிக் நெரிசலைத் தாண்டணுமாம். போலீஸ் சலான் போட்டாங்க. கையில பெரிய சாமான் இருக்குங்கற நினைப்பு மனுஷனை எங்கே இறக்கும்னு பார்த்துக்கோங்க.

இன்னொரு கூட்டம், "மிலிட்டரிக்காரன் முட்டாளா?"ன்னு கேட்கும். ரெண்டாம் உலகப்போர்ல ஓடின வில்லிஸ் ஜீப்ல லாக்கர் கிடையாது. முன்னாடியும் பின்னாடியும் சாதா டிஃபரென்ஷியல்தான். நம்ம ராணுவம் வருஷக்கணக்கா மலையில ஓட்டின ஜிப்ஸியிலயும் கிடையாது. ஒரு டன் எடை, ஒல்லி டயர், ஃபோர் லோ, ஓட்டத் தெரிஞ்ச டிரைவர். போதுமா இருந்தது.

அப்ப காசை எங்கேதான் போடுறது? முதல்ல டயர். ஷோரூம்லேர்ந்து வர்ற டயர் பல வண்டியில ரோட்டுக்கானது. நல்ல ஆல் டெரைன் டயர் நாலு, ஸ்டெப்னியும் சேர்த்து அஞ்சு. நாலு சக்கரத்துக்கும், ஏறும்போதும், இறங்கும்போதும், பிரேக் பிடிக்கும்போதும், மழை ரோட்டுலயும் வேலை செய்யற ஒரே சாமான் அதுதான். அடுத்து ஒரு காத்தடிக்கிற பம்ப், ஒரு பிரஷர் கேஜ். ஜெய்சல்மேர் சாம் மணல் மேட்டுல 32 பி.எஸ்.ஐ.யோட இறங்கின வண்டி லாக்கர் இருந்தாலும் புதையும். 18-க்கு இறக்கினா டயர் நீளமாப் படிஞ்சு, ஒட்டகம் மாதிரி நடக்கும். திரும்பத் தார் ரோட்டுக்கு வந்ததும் காத்தை ஏத்தணும், இல்லைன்னா டயர் சூடாகி வெடிக்கும். அதுக்குத்தான் பம்ப். அப்புறம் டயர் அளவுக்குச் சரியான பனிச் சங்கிலி. அதை மொட்டை மாடியிலயோ பார்க்கிங்லயோ ரெண்டு தடவை மாட்டிக் கழட்டிப் பழகணும். விரல் விறைக்கிற குளிர்ல முதல் தடவையா கவரைப் பிரிச்சுக் கையேடு படிக்கிற ஆட்களைப் பார்த்தா பாவமா இருக்கும். ஒரு இழுவைக் கயிறு, ரெண்டு ஷேக்கிள், ஒரு சின்ன மண்வெட்டி. டயரை விட்டுட்டுக் கணக்குப் போட்டா, மத்தது எல்லாமே லாக்கர் விலையில ஒரு மூலைக்குக்கூட வராது.

யாருக்கு லாக்கர் வேணும்னும் சொல்லிடறேன், இல்லைன்னா சண்டைக்கு வருவீங்க. எஸ்டேட்ல வேலை, மழைக்காலத்துல தினமும் மண் பாதை, வனத்துறை, குவாரி, இல்லை மாசம் ரெண்டு தடவை நண்பர்கள் கூட்டத்தோட சேத்துல இறங்குறவர். வாங்குங்க, பின் ஆக்ஸிலுக்கு மட்டும், கையால போட்டு எடுக்கிற மாதிரி. கூர்க்கா மாதிரி எல்லா வண்டிக்கும் கம்பெனியே குடுத்திருந்தா வேண்டாம்னு சொல்லப் போறதில்லை. ஆனா நம்ம ஊர்ச் சமவெளியில ஓட்டிப் பழகி, பனியைச் சினிமாவுல மட்டும் பார்த்துட்டு, டெல்லிக்கோ சண்டிகருக்கோ மாத்தல் ஆகி வந்த முதல் குளிர்காலத்துலயே, பின் சீட்ல அம்மாவையும் குழந்தையையும் வச்சுக்கிட்டு, "லாக் இருக்கு, பார்த்துக்கலாம்"னு கிளம்புறவரோட எனக்குச் சமாதானம் கிடையாது. அவருக்கு முதல் வருஷம் தேவை உள்ளூர் டாக்சி. எந்த வளைவுல அவர் கியரைக் குறைக்கிறார், எங்கே நிறுத்திச் சங்கிலி மாட்டுறார்னு முன் சீட்ல உக்காந்து பார்த்தாலே பாதி படிப்பு முடிஞ்சுடும்.

பி.கு.: ஏற்கனவே கையால போடுற லாக்கர் வச்சிருக்கறவங்களுக்கு. மாசம் ஒரு தடவை மண் தரையில, நேரா, பத்து அடி லாக் போட்டு ஓட்டி எடுத்துடுங்க. தார் ரோட்டுல வேண்டாம், வளைவுல வேண்டவே வேண்டாம். வருஷக்கணக்கா தொடாம விட்டா தேவைப்படுற அன்னிக்கு விழாது, விழுந்தா எடுக்க வராது. டேஷ்போர்டு விளக்கு அணைஞ்சிருக்கான்னு பார்த்துட்டு வண்டியைத் திருப்புங்க.